துணிப் புத்தகமும் தைக்கும் கைகளும்

நூலின் வரலாற்றை எழுதப் புகுவோர் ஓலைச்சுவடியிலிருந்து தொடங்குவர். கடதாசியின் வருகையைக் கூறுவர். அச்சுப்பொறியைப் போற்றி முடிப்பர். எழுத்தறிந்தோர் கைக்கு நூல் வந்த வரலாறே அது. எழுத்தறியாத இரண்டு வயதுக் குழந்தையின் கைக்கு முதன்முதலில் எந்த நூல் வந்தது, அதனைச் செய்து கொடுத்தவர் யார் என்ற வினாவை நமது வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் எழுப்பியதில்லை.

தமிழ்மொழி இவ்வினாவுக்கு ஒரு வாயிலைத் திறந்து வைத்திருக்கின்றது. இழைக்கும் ஏட்டுக்கும் நாம் வழங்குவது ஒரே சொல்: நூல். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இலக்கணம் செய்த பவணந்தி முனிவரின் நன்னூல் இவ்வொற்றுமையை ஓர் உருவகமாகவே விரித்துள்ளது. அதன்படி சொற்கள் பஞ்சு, செய்யுள் இழை, அறிவே கதிர், புலவன் நூல் நூற்கும் பெண். புலவனின் பெருமையைச் சொல்ல நூற்கும் பெண்ணை உவமையாக்கிய அதே மரபு, அப்பெண்ணை நூலாசிரியையாக ஒருபோதும் எண்ணவில்லை. உவமைக்கு உதவிய கை வரலாற்றுக்குள் நுழையவில்லை. இந்தச் சிறு முரண்பாட்டினுள் ஒரு பெரிய சமுதாய உண்மை அடங்கியுள்ளது. அதனையே இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம்.

இன்று உலகின் பல பாகங்களிலும் ஒரு புதுவகைக் குழந்தை நூல் உருவாகி வருகின்றது. அதன் பக்கங்கள் துணி, சித்திரங்கள் தையல், மின்சாரத்தைக் கடத்தும் மெல்லிய இழையே அதன் கம்பி. துணியாலான மீனை எடுத்துத் துணிவலையில் பொருத்தினால் சிறு விளக்கொன்று ஒளிரும். தென்னையைத் தொட்டால் ஒரு குரல் அதன் பெயரைச் சொல்லும். இவற்றுக்கு அடிப்படையான கலையை மென் இலத்திரனியல் என அழைக்கின்றனர். இலத்திரனியற் பொருள் என்றவுடன் கண்ணாடியும் உலோகமும் நெகிழியும் நம் மனத்தில் தோன்றும். இங்கோ மின்சுற்றே துணியாகின்றது, துணியே மின்சுற்றாகின்றது.

இந்நூலின் வரலாற்றைப் புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தில் நின்று நோக்குவது மிகப் பொருத்தம் எனக் கருதுகின்றோம். தெற்கே வென்னப்புவ, மாரவில தொடங்கிச் சிலாபம், உடப்பு, முந்தல் ஊடாகப் புத்தளத்தையும் கற்பிட்டியையும் எட்டும் இக்கரை, மீன்பிடியாலும் தென்னையாலும் உப்பளத்தாலும் அறியப்பட்டது. கடந்த சில பத்தாண்டுகளாக அதற்கு வேறோர் அடையாளமும் சேர்ந்துள்ளது. பொழுது புலருமுன் தொழிற்சாலைப் பேருந்துக்காகத் தெருவோரம் நிற்கும் இளம்பெண்களின் கூட்டமே அது. உலகத்தின் உடையைத் தைக்கும் கைகள் இங்கே உள்ளன. அந்தக் கைகளுக்குரியோரின் பிள்ளைகள் தொட்டுப் பார்க்க ஒரு துணிப் புத்தகம் இங்கே உண்டா?

*

குழந்தை கண்ணால் மட்டுமன்றிக் கையாலும் கற்கின்றது என்பது இன்று யாவரும் ஒப்பிய கருத்து. ஆயின் அது எளிதில் நிலைபெற்ற கருத்தன்று. ஜெர்மனியின் பிளாங்கன்பேர்க் நகரில் 1837ஆம் ஆண்டு சிறுவர்க்கான நிலையமொன்றைத் தொடங்கிய பிரடெரிக் புரோபல், குழந்தைக்குத் தரவேண்டிய முதற் பரிசாக வகுத்தது புத்தகத்தையன்று. கம்பளி நூலாற் பின்னிய ஆறு மென்பந்துகளை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். பின்னுதலும் தைத்தலும் அவரது கல்விமுறையில் முறையான பாடங்களாயின. பந்தும் நூலும் அரசுகளை அச்சுறுத்தும் என்று யார் நினைப்பர்? ஆயினும் 1851இல் பிரஷ்ய அரசு இப்பாலர் நிலையங்களைத் தடைசெய்தது. நாத்திகமும் சமதர்மமும் இவற்றின் வழியே பரவும் என அஞ்சியது. 1860 வரை அத்தடை நீடித்தது. பிள்ளைகளின் முதற்கல்வி அரசியலுக்கு அப்பாற்பட்டது என எண்ணுவோர் இந்நிகழ்ச்சியை நினைவிற் கொள்ளுதல் நன்று.

அடுத்து வந்தவர் மரியா மொண்டிசோரி. 1907இல் ரோமாபுரியின் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் அவரது முதலாவது குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. தாயும் தந்தையும் வேலைக்குச் சென்றபின் தனித்து விடப்பட்ட பிள்ளைகளே அங்கு வந்தனர். மணற்றாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவி அவர்கள் எழுத்தறிந்தனர். சட்டத்தில் கட்டிய துணியில் தெறி பூட்டியும் நாடா முடிந்தும் கைப்பழக்கம் பெற்றனர். இந்த அம்மையார் 1939இல் சென்னைக்கு வந்தார். இத்தாலி போரில் இறங்கியதும் பகைநாட்டவராகக் கருதப்பட்டுக் கட்டுப்பாடுகளுக்கு உள்ளானார். 1946 வரை ஆசியாவிலேயே தங்கி ஆசிரியர்களைப் பயிற்றினார். 1944இல் இலங்கைக்கும் வந்து பயிற்சி நடத்தினார்.

அதன் சுவடு இன்றும் நம் பேச்சில் உண்டு. எந்த முன்பள்ளியையும் “மொண்டிசோரி” என்றே நம் மக்கள் அழைக்கின்றனர். பெயர் நிலைத்தது, பொருள் நிலைக்கவில்லை. சான் லொரென்சோவின் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பிறந்த முறை, இன்று மாதக் கட்டணம் கட்ட வல்லோருக்கு நிறைவாகவும் ஏனையோர்க்குப் பெயரளவிலும் கிடைக்கின்றது. நம் நாட்டில் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதன் பயனாகவே நம்மிற் பலர் பல்கலைக்கழகம் கண்டோம். ஆயின் அவ்விலவசக் கல்வி ஐந்து வயதிலேயே தொடங்குகின்றது. அதற்கு முந்திய ஆண்டுகள் பெரும்பாலும் தனியாரிடமும் சமய நிறுவனங்களிடமும் தொண்டு அமைப்புகளிடமும் விடப்பட்டுள்ளன. சொற்பக் கொடுப்பனவுக்கு உழைக்கும் முன்பள்ளி ஆசிரியை தன் கைக்காசில் வண்ணத்தாள் வாங்குகின்றாள். குழந்தையின் முதல் நூல் எது என்ற வினா இவ்விடத்தில்தான் கூர்மை பெறுகின்றது.

துணிப் புத்தகம் வணிகப் பொருளான கதையும் சுவையானது. இங்கிலாந்தில் 1903ஆம் ஆண்டு ‘டீன்ஸ் ராக் புக்’ என்னும் கம்பனி தொடங்கப்பட்டது. கிழியாததும் கழுவத்தக்கதுமான துணிநூல்களை அச்சிட்டு விற்பதே அதன் தொழில். நூலைக் கடித்தும் கிழித்தும் பழகும் பருவத்துக்கு அது தக்க விடையாக அமைந்தது. கடதாசி நூலைக் கிழித்தமைக்காக அடிவாங்கிய குழந்தை, துணிநூலால் குற்றமற்ற குழந்தையாயிற்று எனலாம். குழந்தையைத் திருத்துவதற்குப் பதிலாக நூலைத் திருத்திய அறிவு அது.

*

துணியில் கதை சொல்லும் கலை நமக்குப் புதிதன்று. சோழமண்டலக் கரையில் சாயம் தோய்த்தும் எழுதுகோலால் வரைந்தும் ஆக்கிய கலம்காரிச் சீலைகள், இராமாயண பாரதக் கதைகளைக் கட்டங் கட்டமாகக் கோயிற்சுவரில் விரித்தன. எழுத்தறியாதவர்களும் அவற்றைப் பார்த்துக் கதையறிந்தனர். அக்கரைத் துணிகளுக்குப் புகழ்தந்த செந்நிறம் சாயவேரிலிருந்து வந்தது. இலங்கையின் வடமேற்குக் கரையும் அதற்கு வேர் கொடுத்தது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மணலைத் தோண்டிச் சாயவேர் எடுப்பதையே ஊழியமாகச் சுமந்த குடிகள் இருந்தன. ஒல்லாந்தர் அவ்வேரைத் தம் வருவாய்க்குரிய ஏகபோகமாக்கினர். துணியின் பெயரும் வணிகனின் பெயரும் ஏடுகளில் உள்ளன. வேர் தோண்டியவன் பெயர் எங்கும் இல்லை.

இதே கதை இயந்திர யுகத்திலும் தொடர்ந்தது. பிரான்சில் ஜக்கார் என்பார் 1804இல் தம் தறிக்கு உரிமை பெற்றார். துளையிட்ட அட்டைகளின் வரிசையே அத்தறிக்கு எந்த இழை உயரவேண்டும், எது தாழவேண்டும் எனக் கட்டளையிட்டது. நெசவாளியின் விரல்களிலும் நினைவிலும் இருந்த அறிவு அட்டைக்கு மாற்றப்பட்டது. லியோன் நகரப் பட்டு நெசவாளர் நியாயமான கூலிவிகிதம் கேட்டு 1831இலும், மீண்டும் 1834இலும் கிளர்ந்தெழுந்தனர், படைகொண்டு அடக்கப்பட்டனர். அதே துளையட்டையைத் தம் கணிப்பொறித் திட்டத்துக்குச் சார்ள்ஸ் பபேஜ் எடுத்துக்கொண்டார். அப்பொறியைப் பற்றி 1843இல் குறிப்புகள் வெளியிட்ட அடா லவ்லேஸ் என்னும் பெண்மணி, தறி பூவையும் இலையையும் நெய்வது போல இது கணிதக் கோலங்களை நெய்யும் என விளக்கினார். ஆகவே இன்றைய கணினிக்கும் தறிக்கும் உள்ள உறவு வெறும் உவமையன்று; வரலாற்று உறவு.

அவ்வுறவு சந்திர மண்டலம் வரை சென்றது என்றால் வாசகர் வியப்பர். 1969இல் மனிதனைச் சந்திரனுக்குக் கொண்டுசென்ற அப்பலோ விண்கலத்தின் கணினிக்குரிய நிரந்தர நினைவகம் கையால் நெய்யப்பட்டது. அமெரிக்காவின் வோல்தம் நகரில் உள்ள தொழிற்சாலையில், பெண்கள் இருவர் இருவராக எதிரெதிரே அமர்ந்து, நுண்ணிய காந்த வளையங்களினூடே ஊசியால் செப்புக்கம்பியைக் கோத்தனர். கம்பி வளையத்தின் உள்ளே சென்றால் ஒன்று. வெளியே சென்றால் பூச்சியம். ஓரிழை தவறினாலும் கணக்கு தவறும். வோல்தம் நகரம் 1814இல் அமெரிக்காவின் தொடக்ககாலப் பெரும் பருத்தி ஆலையைக் கண்ட நகரம் என்பதும் கருதத்தக்கது. பொறியியலாளர்கள் அந்நினைவகத்துக்கு ‘கிழவிகளின் நினைவகம்’ என்னும் கருத்தில் ஒரு கேலிப்பெயர் வைத்தனர். சந்திரனில் கால்வைத்தவர்களை உலகம் அறியும். ஊசி பிடித்தவர்களுக்குக் கிடைத்தது கேலிப்பெயர்.

இன்னுமோர் எடுத்துக்காட்டு. 1965இல் பெயார்சைல்ட் கம்பனி, அமெரிக்கப் பூர்வகுடிகளான நவஹோ மக்களின் ஷிப்ரொக் என்னும் ஊரில் இலத்திரனியல் தொழிற்சாலையைத் திறந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரு கட்டத்தில் அங்கு உழைத்தனர், பெரும்பாலோர் பெண்கள். கம்பளி நெய்யும் மரபு அவர்களுடையது. 1969இல் கம்பனி வெளியிட்ட விளம்பர ஏடு, நவஹோக் கம்பளத்தின் கோலத்தையும் நுண்சுற்றின் கோலத்தையும் ஒப்பிட்டுப் பாராட்டியது. பாராட்டு விலையற்றது, மலிவான கூலியோ விலைமதிப்புள்ளது. 1975இல் பூர்வகுடி இயக்கத்தினர் தொழிற்சாலையைக் கைப்பற்றிக் குரலெழுப்பினர். அதனைக் காரணம் காட்டிக் கம்பனி மூட்டை கட்டியது. பெண்களின் கைத்திறன் ‘இயல்பாக அமைந்தது’ எனப் புகழப்படும் இடமெல்லாம் நாம் எச்சரிக்கையடைய வேண்டும். இயல்பாக அமைந்த திறனுக்குக் கூலி கொடுக்கத் தேவையில்லை என்பதே அப்புகழ்ச்சியின் உட்பொருள்.

*

மென் இலத்திரனியல் இவ்வரலாற்றின் புதிய அத்தியாயம். 1990களின் பிற்பகுதியில் மசாச்சுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மேகி ஓர்த், ரெஹ்மி போஸ்ட் முதலிய ஆய்வாளர்கள் மின்கடத்தும் இழையால் பூத்தையல் இட்ட மேற்சட்டை ஒன்றைச் செய்தனர். பூத்தையலைத் தொட்டால் இசை பிறந்தது. 2000இல் தம் முறையை விரிவான கட்டுரையாக வெளியிட்டனர். பின்னர் லியா பியூக்லி என்னும் ஆய்வாளர், துணியில் வைத்துத் தைக்கத்தக்க சிறு இலத்திரனியல் உறுப்புகளின் தொகுதி ஒன்றை வடிவமைத்தார். ‘லில்லிபாட்’ என்னும் பெயரில் அது 2007இல் விற்பனைக்கு வந்தது. வழக்கமான இலத்திரனியல் உறுப்புகளை ஈயம் உருக்கி ஒட்டுவர். இதனையோ ஊசியும் நூலும் கொண்டு தைக்கலாம். பயன் என்ன? 2010இல் வெளிவந்த ஆய்வு, இத்தொகுதியைக் கொண்டு தாமே பொருள் செய்து வெளியிட்டோரில் பெரும்பான்மையினர் பெண்கள் எனக் காட்டியது. வழக்கமான மின்பலகைகளைக் கொண்டு செய்தோரிற் பெண்கள் மிகச் சிலரே. பெண்களுக்கு இலத்திரனியலில் நாட்டமில்லை என்ற பழங்கதை இங்ஙனம் பொய்த்தது. கருவியே அவர்களுக்குக் கதவடைத்திருந்தது. அதே காலத்தில் ஒளியும் ஒலியும் இயக்கமும் கொண்ட விரிநூல்களும் ஆய்வுகூடங்களில் தோன்றின. குழந்தைகளின் துணிநூல் அவற்றின் உடன்பிறப்பு.

இலங்கையின் நிலை என்ன? 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. 1978இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. புத்தளம் மாவட்டத்தின் தெற்கெல்லைக்கு அது தொலைவில் இல்லை. 1992இல் கிராமப்புறங்களுக்கு 200 ஆடைத் தொழிற்சாலைகளைக் கொண்டுசெல்லும் அரசாங்கத் திட்டம் வந்தது. நெல்வயலிலும் கடற்கரையிலும் வளர்ந்த பெண்கள் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தனர். ஆடையே நாட்டின் கைத்தொழில் ஏற்றுமதியில் முதலிடம் பெற்றது. அவ்வாடையைத் தைத்தோர் பெரும்பாலும் பெண்கள். வளர்ந்த நாடுகளின் இறக்குமதிப் பங்கீட்டு முறை 2005இல் ஒழிந்தபோதும், ஐரோப்பிய வரிச்சலுகை 2010இல் நிறுத்தப்பட்டு 2017இல் மீண்டபோதும், இப்பெண்களின் அடுப்பங்கரை வரை அதிர்வு சென்றது. ஐரோப்பியத் தலைநகரில் எழுதப்படும் கடிதம் மாரவிலவில் ஒரு குழந்தையின் பாலைக் குறைக்கக்கூடும். இதுதான் நம் காலத்தின் பொருளாதாரம்.

இந்நாட்டில் துணிக்கும் விளையாட்டுக்கும் நடுவே பாலமிட்ட முயற்சிகளும் உண்டு. பார்பரா சன்சோனி (1928–2022) கைத்தறிப் பெண்களோடு சேர்ந்து வளர்த்த ‘பெயார்ஃபூட்’ நிறுவனம் 1964இல் தொடங்கியது. கைத்தறித் துணியிலிருந்து பொம்மைகளும் அங்கே உருவாயின. 1987இல் தோன்றிய மாஸ் ஹோல்டிங்ஸ் போன்ற பெரும் ஆடை நிறுவனங்கள், ஒளிரும் ஆடையும் உடலை அளக்கும் ஆடையும் ஆய்ந்து செய்கின்றன. எனவே மென் இலத்திரனியல் இந்நாட்டுக்குத் தொலைவான விந்தையன்று. ஏற்றுமதிச் சந்தைக்காக அது இங்கே பயிலப்படுகின்றது. கேள்வி அறிவு உண்டா என்பதன்று. அறிவு எத்திசையில் பாய்கின்றது என்பதே.

*

இவ்வாண்டு விடுமுறையில் நாமும் சில நண்பர்களும், தொழிற்சாலையிற் பணியாற்றிய தாய்மார் இருவரும் சேர்ந்து, ஒரு துணிப் பக்கத்தைச் செய்து பார்த்தோம். நமக்கு ஏட்டறிவு இருந்தது. அவர்களுக்குக் கையறிவு இருந்தது. பாடம் கற்றவர் நாமே.

பக்கத்தின் பொருள் கரைவலை. நீலத்துணி கடல், வலைத்துணி வலை, மீனின் வயிற்றில் அழுத்திப் பூட்டும் உலோகத் தெறி. மீனை வலையிற் பொருத்தினால் தெறி இரண்டும் சேர்ந்து மின்சுற்று நிறைவுற்று விளக்கு எரியவேண்டும். நாம் சிவப்பு எல்.ஈ.டி. விளக்கு இரண்டை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைத்தோம். எரியவில்லை. சிவப்பு விளக்கொன்றுக்கே சுமார் 2 வோல்ற்று தேவை. நமது மின்கலமோ 3 வோல்ற்று. இரண்டையும் அருகருகே சமாந்தரமாக இணைத்தபின் எரிந்தன. பத்தாம் வகுப்பு விஞ்ஞானப் பாடத்தை மறந்ததற்காக நாணினோம்.

அடுத்த தவறு நூலில். மின்கடத்தும் நூலை இயந்திரத்தின் மேலூசியிற் கோத்தோம். அது சிக்குண்டு அறுந்தது. தாய்மாருள் ஒருவர் சிரித்துவிட்டு, “ஐயா, இதை பொபினிலே சுத்துங்கோ, மேலே சாதா நூலைப் போடுங்கோ” என்றார். அப்படியே செய்ய, இழை ஓடியது. அந்த நூல் வேலைக்குரிய முறையே அதுவென்று பிற்பாடு வாசித்தறிந்தோம். அவர் அதனை எங்கும் வாசித்தவரல்லர். முடிச்சின் நுனி பிரிந்து அடுத்த இழையைத் தொட்டுக் குறுஞ்சுற்று ஏற்பட்டபோது, மற்றவர் தம் நகப்பூச்சைக் கொண்டுவந்து நுனியில் ஒரு சொட்டு விட்டார். அதுவும் உலகெங்கும் கையாளப்படும் முறையே. உப்புக்காற்று வீசும் இக்கரையில் வெள்ளி பூசிய இழை கறுத்துக் கடத்துதிறன் குன்றும். எஃகிழை அதனினும் தாக்குப்பிடிக்கும் என்பதையும் வேலையினூடே உணர்ந்தோம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும். தெறியைப் போன்ற தட்டை மின்கலத்தைக் குழந்தையின் பொருளில் அப்படியே வைப்பது கொலைக்கு ஒப்பாகும். அதனை விழுங்கிய குழந்தையின் உணவுக்குழாயில் அது தங்கினால், மின்னோட்டத்தால் காரம் உண்டாகி இரண்டே மணித்தியாலத்தில் கடும் எரிகாயம் விளையலாம். அமெரிக்கா 2022இல் இதற்கெனவே சட்டமியற்றியது. ஆணியால் முடுக்கிப் பூட்டும் பெட்டிக்குள் பெரிய மின்கலங்களை இட்டு, துவைக்குமுன் பெரியவர் கழற்றக்கூடியதாய் அமைத்தலே தகும். அதற்கும் வழியில்லையேல் விளக்கே வேண்டாம். வெறுந்துணி நூலே போதும். விஞ்ஞானத்தின் பெயரால் பிள்ளைகளுக்கு ஆபத்தை விற்பவர்களோடு நமக்கு உறவில்லை.

விளக்கின்றியும் துணிநூல் நூலே என்றால், மின்சாரம் எதற்கு? இவ்வினா நியாயமானது. மினுக்கத்துக்காக மட்டும் எனின் வேண்டியதில்லை. நாம் அதன் தேவையை வேறிடத்திற் காண்கின்றோம்: குரலில்.

*

இக்கரையின் மொழிவரலாறு துயரமும் சிக்கலும் நிறைந்தது. சிலாபம் முதல் நீர்கொழும்பு வரையான கத்தோலிக்க மீனவ ஊர்கள் பலவற்றில் ஒரு காலத்தில் தமிழே வீட்டுமொழி. இருபதாம் நூற்றாண்டில் பாடசாலையும் வழிபாடும் சிங்களத்துக்கு மாறியதோடு, பாட்டி தமிழிலும் பேத்தி சிங்களத்திலும் பேசும் நிலை வந்தது. கடலில் வலை இழுக்கும்போது வாயில் வரும் தமிழ், கரையேறியதும் மெல்ல மறைந்தது. உடப்பு போன்ற ஊர்கள் தமிழையும் திரௌபதையம்மன் விழாவின் பாரதக் கதையையும் காத்து வந்துள்ளன. கற்பிட்டியிலும் புத்தளத்திலும் தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள் தொன்றுதொட்டு வாழ்கின்றனர். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவர்களிற் பெரும்பகுதியினரை இம்மாவட்டமே ஏற்றது. ஓலைக் கொட்டில்களில் பிறந்த பிள்ளைகள் தம் தாய்தந்தையரின் ஊரை ஒருபோதும் கண்டதில்லை. தாய்மார் உப்பளத்திலும் வெங்காயத் தோட்டத்திலும் கூலிவேலை செய்து அவர்களை வளர்த்தனர்.

இத்தகைய கரையோரத்தில் கடையில் விற்கும் ஆங்கில நூல் என்ன செய்யும்? அப்பிளைக் காட்டும், பனிமனிதனைக் காட்டும். நமது குழந்தை அறிந்தவை சூடையும் பாரையும் கணவாயும், தெப்பமும் உப்புவாய்க்காலும், களப்பும் கண்டற்காடும் அல்லவா? துணியில் கண்டல் தைக்கலாம். அதைத் தொட்டவுடன் பாட்டியின் குரலிலேயே அதன் பெயர் ஒலிக்குமாறு ஒரு சிறு ஒலிப்பதிவுக் கருவியை மடிப்புக்குள் வைக்கலாம். ஒரு பொத்தானில் தமிழ், மறு பொத்தானில் சிங்களம் ஒலிக்கட்டும். மீனுக்கு இரு பெயர் உண்டு என அறியும் குழந்தை, அண்டை வீட்டானுக்கும் ஒரு மொழி உண்டு என அறியும். இரு மொழிக் குழந்தைகளும் ஒரே பக்கத்தைத் தொடுவர். கண்பார்வையற்ற குழந்தையும் அந்நூலைத் தனதாக்கிக் கொள்ளும். மின்சாரம் இதற்கு வேண்டும், மின்மினி காட்டுவதற்கன்று.

நாட்டின் மிகப்பெரிய அனல்மின் நிலையம் இம்மாவட்டத்தின் நுரைச்சோலையில் உள்ளது. 2011இல் இயங்கத் தொடங்கி 2014இல் 900 மெகாவாற்று நிலையமாக நிறைவுற்றது. நாடு முழுவதும் ஒளிரக் கரித்தூசியைச் சுமக்கும் கரை இது. இக்கரையின் ஒரு முன்பள்ளிக்கு வேண்டியதோ மூன்று வோல்ற்று. நாம் கேட்பது பெரிதா?

வழியும் தொலைவில் இல்லை. தொழிற்சாலைகளின் வெட்டுத்துண்டுத் துணிகள் மலைபோற் குவிந்து வீணாகின்றன. அவற்றை முன்பள்ளிகளுக்கு வழங்கப் பிரதேச சபைகள் ஒழுங்கு செய்யலாம். பல்கலைக்கழகங்களின் மின்பொறியியல் மாணவர்கள் விடுமுறையில் ஊர்தோறும் தையற்பயிற்சி நிலையங்களுக்கு வரலாம். கற்பிக்க மட்டுமன்று, கற்கவும். ஆசிரியர் சங்கங்கள் முன்பள்ளிக் கல்வியையும் இலவசக் கல்வியின் எல்லைக்குள் கொண்டுவரக் கோரலாம். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. கடதாசியை இறக்குமதி செய்ய இயலாத நாட்களிலும் இந்நாட்டில் துணியும் ஊசியும் திறமான கைகளும் இருந்தன.

இவை தாமாக நிகழ்ந்துவிடும் என நாம் மயங்கவில்லை. ஏற்றுமதிக்கு ஒளிரும் ஆடை தைப்பவள் வீட்டில் தன் பிள்ளைக்கு ஒளிரும் பக்கம் தைக்க வேண்டுமாயின், அவளுக்கு முதலில் வேண்டியது நேரம். மேலதிக வேலை இன்றியே வாழத்தக்க கூலியும், இரவில் பிள்ளையோடு அமரத்தக்க ஓய்வும் இன்றித் துணிப் புத்தகத்தைப் பற்றிப் பேசுவது வெறும் அழகுணர்ச்சியாகிவிடும். எட்டு மணிநேர வேலைக்காகப் போராடியவர்கள், தம் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் மாலைப் பொழுதுக்காகவும் போராடினார்கள் என்பதை நம் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் தேடித் தொகுத்து 1859இல் நூலாக வெளியிட்டார். ஓலையில் எழுதியோர் பெயர் அழியாதிருக்க அவர் உழைத்தார். அவர் பிறந்த கரையில் வாழும் நாம் இன்னொரு பட்டியலைத் தொடங்கக் கடமைப்பட்டுள்ளோம். நாம் செய்த அந்த ஒற்றைப் பக்கத்தின் பின்புறத்தில், மஞ்சள் நூலால், அதனைத் தைத்த இருவரின் பெயர்களையும் அவர்களே தைத்தனர். பல ஆண்டுகள் உலகுக்கு ஆடை தைத்திருந்தும், தாம் தைத்த துணியொன்றில் தம் பெயரைத் தாம் காண்பது அதுவே முதன்முறை என்றனர். இக்கரையில் இனித் தோன்றும் ஒவ்வொரு துணிப் புத்தகத்தின் இறுதிப் பக்கத்திலும் அப்படியொரு வரி இருக்கவேண்டும்.